கடைசியாக எப்போது குடித்தார்?

திங்கட்கிழமை காலை தேசப்பன் வீட்டு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார். கையில் வலை இல்லை. ஆனாலும் இழுத்தார். இழுத்ததை இடது பக்கம் மடித்துச் சேர்த்தார், சிக்கியிருந்த இறாலைக் கழற்றிப் பின்னால் போட்டார், நண்டு கடித்துவிட்ட மாதிரி விரலை உதறிக்கொண்டார். சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. “கயிறு வுடுடா, கயிறு வுடு” என்று சுவரிடம் சொன்னார். கஞ்சிச் சொம்போடு வந்த மகள் ஜமுனா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்.

குடித்துவிட்டார், பாவி மனுஷன். அம்மன் முன்னால் சத்தியம் செய்து மூன்று நாள்தான் ஆகிறது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நேரே போய் அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி வாயை முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. தலையணைக்கு அடியில் பார்த்தாள், அரிசிக் குடத்தில் கைவிட்டுத் துழாவினாள், பழைய வலைக் குவியலைக் கலைத்துப் போட்டாள். பாட்டில் இல்லை. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு காரணம் கையில் கிடைத்து, அதுவும் நழுவிப்போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அந்தச் சத்தியத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஊரில் குடும்பத்துக்கு ஒரு பேர் நோட்டில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்த இடத்தில் கட்டுவது என்று முடிவு செய்வார்கள். நோட்டில் பேர் இருப்பவன் ஊர்க்காரன். பேர் அடிக்கப்பட்டவன் ஊரில் குடியிருக்கிறவன், அவ்வளவுதான். தேசப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் பேர் அந்த நோட்டில் நாற்பத்தைந்து வருஷமாக இருந்தது.

போன மாதம் அவர் படகிலேயே போதையில் தூங்கிப்போனார். படகு காற்றில் நகர்ந்து அடுத்தவனுக்குச் சீட்டில் விழுந்த இடத்துக்குள் போய், கட்டியிருந்த வலையைக் கிழித்துவிட்டது. ஊர் கூடியது. ஊர்ப் பெரியவராக இருக்கும் பிரதாப், பேரை அடித்துவிடலாம் என்றார். வயசாகிவிட்டது, இனிமேல் குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கட்டும் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த நாலு பேரும் அன்று மாலையே கடையில் வரிசையில் நின்றவர்கள்தான். இந்த ஊரில் இருபது வயதுப் பையன் குடித்தால் சிரிப்பார்கள். நாற்பது வயதுக்காரன் குடித்தால் உடம்பு வலி என்பார்கள். கிழவன் குடித்தால் மட்டும், போகிற காலத்தில் இது என்ன கேடு என்று கேட்பார்கள். ஏன் குடிக்கிறார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஜமுனாவும் கேட்டதில்லை.

பேரைக் காப்பாற்ற ஒரே வழி கற்பூரச் சத்தியம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். சத்தியம் செய்கிறவர் வீட்டு ஆள்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். மகன் மூர்த்தி தயங்கிக்கொண்டு நின்றான். ஜமுனாதான் தீப்பெட்டியைப் பிடுங்கி ஏற்றினாள். அப்பா அணைத்தார். கூட்டம் கலைந்தது. நைனாவைத் திருத்திவிட்டோம் என்று வெள்ளிக்கிழமை மாலை அவள் நிம்மதியாக மீன் குழம்பு வைத்தாள்.

சனிக்கிழமை அவருக்குக் கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை, கண்ணை மூட முடியவில்லை. இப்போது காற்றில் வலை இழுக்கிறார்.

செய்தி தெருவில் ஓடி, பிரதாப் வந்து பார்த்தார். திருட்டுத்தனமாக ஒரு வாய் குடித்திருப்பார், அம்மன் சும்மா விடுவாளா, கோயிலுக்குத் தூக்கிப்போய் மஞ்சத்தண்ணி ஊற்றுங்கள் என்றார். குடிக்கவில்லை, நான் முகர்ந்து பார்த்தேன் என்று ஜமுனா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பின்னால் நின்றவர்கள், வயசானால் புத்தி பேதலிப்பதுதான் என்றார்கள். ஒருத்தருக்காவது தேசப்பனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஜமுனா கிளம்பியபோது, பிரதாப் மூர்த்தியைத் தனியாக அழைத்து, குடிப்பழக்கம் என்ற பேச்சே அங்கே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். சத்தியம் செய்த மூன்றாம் நாளே குடிக் கேஸ் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறினால் ஊர் மானம் போகும், அப்புறம் பேர் நோட்டில் நிற்காது என்பது அவர் கணக்கு.

மெயின் ரோட்டில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனார்கள். டாக்டர் தேசப்பனைப் பார்க்காமல் மூர்த்தியைப் பார்த்து வயது கேட்டார். அறுபத்தெட்டு என்றதுமே அவர் முகத்தில் பதில் கிடைத்துவிட்ட தெளிவு வந்தது. குடிப்பழக்கம் உண்டா என்று செல்போனைத் தடவியபடி கேட்டார். மூர்த்தி இல்லை என்றான். டாக்டர் ஜமுனாவைப் பார்த்தார். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றாள். வயசானால் மூளை சுருங்கும், இப்படித்தான் இருக்கும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தேசப்பன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயது என்றால் ஆளே செத்துப்போய், வயது மட்டும் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைப்பு போல.

திரும்பும் வழியில், பழவேற்காடு கடைத்தெருவுக்குள் நுழையும்போது தேசப்பனுக்கு வலிப்பு வந்தது. உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளியது. ஆட்டோ நின்றது. கூட்டம் கூடியது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அந்த வழியாகத் தடுப்பூசிப் பெட்டியோடு வந்த சோபியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதுக் கிராம சுகாதாரச் செவிலியர் அவர். இந்தப் பக்கத்துக் குப்பங்களில் பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், வலிப்பு நிற்கும்வரை வாட்சைப் பார்த்தார். பிறகு ஜமுனாவை மட்டும் இரண்டடி தள்ளி அழைத்துப்போனார்.

“கடைசியா எப்ப குடிச்சாரு?”

குடிப்பாரா என்று கேட்கவில்லை. குடிகாரரா என்று கேட்கவில்லை. காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்பதுபோல் கேட்டார். மூர்த்தி பின்னாலேயே வந்து, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதுக்கா என்றான். சோபியா அவன் பக்கம் திரும்பவில்லை.

“யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல ஜமுனா. நேரம் தெரிஞ்சா தான் ஆளக் காப்பாத்த முடியும்.”

“வெள்ளிக்கிழம மத்தியானம்” என்றாள் ஜமுனா. “அதுக்கு முன்னாடி ரெண்டு வருசமா காலைல எழுந்ததுலேர்ந்து குடிப்பாரு. நாந்தான் நிறுத்தினேன்.”

மூர்த்தி அவள் கையைப் பிடித்து இழுத்தான். “இன்னா பேசற நீ? பேரு பூடும்.”

“பேரு போனா போவட்டும். ஆளு இருக்கட்டும்” என்று அவள் கத்தியதில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ரோட்டோரத்தில் மீன் கூடைக்காரிகள் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்நேரம் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சேரட்டும். காலையிலிருந்து வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததைத் துப்பிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சோபியா நூற்றெட்டுக்குப் போன் செய்தார். அவர் சொன்னதை ஜமுனா பக்கத்தில் நின்று கேட்டாள். ஆண், அறுபத்தெட்டு வயது, தினமும் குடிப்பவர், மூன்று நாளாகத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார், நடுக்கம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு வலிப்பு. அவ்வளவுதான். அதில் அம்மன் இல்லை, மானம் இல்லை, போகிற காலம் இல்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகவில்லை. இதைச் சொல்லாமல் அரை நாளைத் தொலைத்த தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று ஜமுனாவுக்கு வந்தது.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாலு நாள் ஊசியும் குளுக்கோஸும் ஏறியது. ஐந்தாம் நாள் அவர் கை வலை இழுப்பதை நிறுத்தியது. ஏழாம் நாள் மகளை அடையாளம் கண்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அன்று ஒரு இளம் பெண் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தேசப்பனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். தூக்கம் எப்படி ஐயா என்று கேட்டார். அவருக்கு என்னம்மா தெரியும், நான் சொல்கிறேன் என்று ஜமுனா ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவரே சொல்லட்டும், அவசரமில்லை என்றார். தேசப்பன் ரொம்ப நேரம் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் இரண்டு கட்டில் தாண்டி மருந்து கொடுத்து முடிக்கிறவரைக்கும் பேசவில்லை. டாக்டரும் எழுந்திருக்கவில்லை.

“அவ அம்மா போனதுலேர்ந்து தூக்கம் இல்லம்மா” என்றார் கடைசியில். “விடியறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். படகுல தனியா இருக்கசொல்ல, அப்படியே ஏரில எறங்கிடலாம்னு தோணும். ஒரு வாய் உள்ள போனா அந்த நெனப்பு அடங்கும். அதுக்குத்தான்.”

ஜமுனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷம். இரண்டு வீடு தள்ளித்தான் அவள் குடியிருந்தாள். தினமும் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள், தினமும் திட்டினாள். இது வயதால் வருவதில்லை, இது ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு, இந்த வயதிலும் குணமாகும் என்று டாக்டர் அவரிடமே நேராகச் சொன்னார். அந்த நினைப்பு இப்போது வருகிறதா என்று கேட்டார். குறைந்திருக்கிறது என்றார் அவர். திரும்ப வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் மகளைப் பார்த்தார்.

டாக்டர் போனதும் ஜமுனா வெடித்தாள்.

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல நைனா? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

“ரெண்டு தபா நானே நிறுத்திப் பாத்தேன்” என்றார் தேசப்பன். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. “மறுநாளே கை நடுங்கி கயிறு புடிக்க முடியல. கிருஷ்ணன் எப்படிப் போனான்னு கூடவே இருந்து பாத்தவன் நான். அத சொல்லத்தான் கோயில்ல வாயத் தொறந்தேன். பேசாத நைனான்னு சொல்லி நீ கற்பூரத்த ஏத்திட்ட.”

கிருஷ்ணன் பிரதாப்பின் அண்ணன். தேசப்பனோடு ஒரே படகில் முப்பது வருஷம் போனவர். போன ஆடியில் அவருக்கும் இதே கோயிலில் இதே சத்தியம். தம்பி பிரதாப்தான் கற்பூரம் ஏற்றினார். மூன்றாம் நாள் கிருஷ்ணனும் வீட்டுக்குள் வலை இழுத்தார். நாலாம் நாள் வலிப்பு வந்து செத்துப்போனார். மறைத்துக் குடித்தார், சத்தியத்தை மீறினார், அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பாடு நோட்டில் பேர் உள்ளவன் செத்தால் அன்றைக்கு யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். ஊரின் மரியாதை அது. கிருஷ்ணனுக்காக ஏரியை நிறுத்தவில்லை. பிணம் வீட்டில் கிடக்க, ஊர் வலைக்குப் போனது. அவர் பெண்டாட்டி நாகம்மாள் அதிலிருந்து கோயில் பக்கமே வருவதில்லை.

ஜமுனா எழுந்துபோய் அந்தப் பெண் டாக்டரை வராந்தாவில் பிடித்தாள். கிருஷ்ணனுக்கு நடந்ததை நாள் வாரியாகச் சொன்னாள். நான் பார்க்காதவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது இதேதான் என்றார் டாக்டர். ரொம்ப வருஷமாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார்.

பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் பிரதாப் வந்தார். கையில் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். பின்னால் மூர்த்தி. கட்டில் ஓரத்தில் நின்று, ஊருக்கு மூளைக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்துவிட்டதாகவும் கடைத்தெருவில் ஜமுனா கத்தியதைக்கூட அமுக்கிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். சீட்டுப் போட இன்னும் எட்டு நாள் இருக்கிறதாம். அதற்குள் பெரியவர் வந்து மறுபடி ஒருதரம், இந்த முறை முறையாக, கற்பூரம் அணைத்துவிட்டால் பேர் நிற்குமாம். தேசப்பன் வழக்கம்போல் தலையாட்டத் தொடங்கினார்.

“மறுபடியுமா?” என்றாள் ஜமுனா. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை. “எங்க நைனா சத்தியத்த மீறினதால வலிப்பு வரல சித்தப்பா. காப்பாத்தினதால வந்துச்சு. டாக்டர் எழுதிக் குடுத்துக்கீறாங்க, படிங்க. உங்க அண்ணனும் மறைச்சுக் குடிச்சு சாவல. குடிக்காம செத்தாரு.”

அவள் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரதாப் வாங்கவில்லை. மூர்த்தி, அக்கா வாயை மூடு என்றான். அவள் மூடவில்லை. ஊருக்கு மூளைக் காய்ச்சல் என்று சொன்னால் அடுத்த கிழவனுக்கும் கற்பூரம் ஏற்றுவீர்கள், அவனும் நாலாம் நாள் போவான், அப்போதும் அம்மன் மேல் பழி போடுவீர்கள் என்று சொன்னாள். பேரை அடிப்பதென்றால் அடித்துக்கொள்ளுங்கள், நாங்கள் சத்தியம் செய்யமாட்டோம், மருந்து சாப்பிடுவோம் என்றாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

பிரதாப் ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுபதை நெருங்குகிற ஆள், ஊரில் யாரும் அவர் தலை குனிந்து பார்த்ததில்லை.

“அண்ணனும் இப்டித்தான் வலை இஸ்துக்கினு இருந்தான்” என்றார். “நான் போய் ஒரு அறை வுட்டேன். நடிக்காதடான்னு.” ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கட்டிலில் வைத்தார். “அவன் செத்த அன்னிக்கு நானும் வலைக்குப் போனேன் ஜமுனா.”

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் வரவில்லை. நாகம்மா அத்தைக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நீயே பக்குவமாகச் சொல்லிவிடம்மா, பொம்பளைக்குப் பொம்பளை என்றார் பிரதாப்.

“ஏத்தினது நீங்க. நீங்கதான் சொல்லணும். நான் ஏத்தினதுக்கு எங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவர் போனார். ஜமுனா அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாமல் பண்ணிட்டேன் நைனா என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் இன்னும் லேசாக இருந்தது. சரி வுடு என்றார் அவர். இனிமேல் விடியற்காலையில் நெஞ்சு அடித்துக்கொண்டால் எனக்குப் போன் பண்ணு, திட்டமாட்டேன் என்றாள். நீயா, திட்டமாட்டியா என்று கேட்டு அவர் லேசாகச் சிரித்தார்.

அன்று இரவே போன் அடித்தது. நாகம்மாள். அந்த வீட்டிலிருந்து ஒரு வருஷமாக யாருக்கும் போன் வந்ததில்லை.

“பிரதாப்பு வந்து சொன்னான்” என்றாள். “நெசமா ஜமுனா? அவரு குடிக்கலயா?”

“குடிக்கல அத்த. சத்தியத்தக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காரு.”

அழப்போகிறாள் என்று ஜமுனா காத்திருந்தாள்.

“மூணாம் நாளு என் கையப் புடிச்சிக்கினு, நான் குடிக்கலடி, நீயாச்சும் நம்புடின்னாரு. நான் கைய உதறிட்டு வெளிய வந்து ஒக்காந்துக்கினேன்.” நாகம்மாளின் குரல் உடையவில்லை, தடித்தது. “நாளைக்கு ஒருத்தன் ஏரில எறங்கக் கூடாது. ஒரு வருசம் கழிச்சுன்னாலும் எம் புருசனுக்கு ஒரு நாள் நிறுத்தணும். நான் தொறைல போய் நிக்கப்போறேன். எவன் படகத் தள்றான்னு பாக்கறேன்.”